‘வினோ’ என்றால் வைன் மட்டுமா? ஸ்பானிஷில் எல்லையூர்க்காரர்கள் சறுக்கும் இடங்கள்

எல் வினோ தே பால்மா வினோ தே சித்தூர்.

ஸ்பானிஷ் கற்க வரும் பிள்ளைகளுக்கு நான் முதல் வாரமே கரும்பலகையில் எழுதிப்போடும் வாக்கியம் இது. ‘கள்ளு சித்தூரிலிருந்து வந்தது’ என்று பொருள். ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, எங்கள் பாலக்காட்டுச் சித்தூர். கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு இங்கிருந்துதான் கள்ளு போகிறது என்பதால் வாக்கியம் பொய்யும் இல்லை. ஸ்பானிஷில் கள்ளுக்கு ‘பனை வைன்’ என்றுதான் பெயர். முதல் வினோ வைன், பெயர்ச்சொல். இரண்டாவது வினோ ‘வந்தது’, வினைச்சொல். நம் ‘ஆடு ஆடு’ மாதிரி.

மெஸ்ஸிக்காக ஸ்பானிஷ் படிக்க வருகிறவர்கள்தான் இங்கே அதிகம். 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோட்டுப் பக்கம் புள்ளாவூர் ஆற்றுக்குள்ளேயே மெஸ்ஸி கட்அவுட் நின்ற மாநிலம் இது. பேட்டியில் ‘வினோ’ என்று காதில் விழுந்தால், பாதிப்பேர் மனுஷன் வைன் கேட்கிறார் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அகராதியைப் புரட்டினாலும் அந்த இடத்தில் வைன்தான் இருக்கும். ‘வந்தான்’ வேண்டுமானால் ‘வெனிர்’, அதாவது ‘வருதல்’, என்ற சொல்லின் கீழே தேட வேண்டும். இரண்டும் லத்தீனில் வெவ்வேறு சொற்கள். தேய்ந்து தேய்ந்து ஒரே உருவத்துக்கு வந்து நின்றுவிட்டன. அதனால் அர்த்தத்தில் உறவு தேடி மண்டையை உடைக்க வேண்டாம்.

இனி முக்கியமான தவறு. வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளை இந்த ஒரு சொல்லில் இரண்டு மொழியும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்.

தமிழ் இழுப்பது இப்படி: நமக்கு வந்தான் வேறு, வந்தாள் வேறு. ஸ்பானிஷில் ‘ஓ’ ஆண்பால், ‘ஆ’ பெண்பால் என்று முதல் பாடத்திலேயே படித்தும் இருப்பார்கள். உடனே ‘எய்யா வினா’ என்று ஒரு ‘அவள் வந்தாள்’ தயாராகிவிடும். வினா தமிழில் கேள்வி. ஸ்பானிஷில் அப்படி ஒரு வினைமுற்றே கிடையாது. ஆண்பால் பெண்பால் கணக்கு பெயருக்கும் அடைமொழிக்கும்தான், வினைமுற்றுக்கு இல்லை. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது எல்லாம் ஒரே வினோ.

மலையாளம் இழுப்பது நேர் எதிர்த்திசையில். ‘ஞான் வந்நு, நீ வந்நு, அவள் வந்நு’ என்று யாருக்கும் ஒரே வினை. அந்தப் பழக்கத்தில் ‘யோ வினோ’ என்பார்கள். நான் வந்தேன் என்றால் ‘வினே’. நீ வந்தாய் ‘வினிஸ்தே’. நாங்கள் வந்தோம் ‘வினிமோஸ்’. இங்கே தமிழைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘வந்தேன்’ என்றாலே ‘நான்’ அதற்குள் அடக்கம் அல்லவா? ஸ்பானிஷ்காரரும் ‘யோ’வை விட்டுவிட்டு வெறும் ‘வினே’தான் சொல்வார்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அது நம் மரியாதையால் வருவது. ‘அம்மா வந்தாங்க’ என்று சொல்லி வளர்ந்த பிள்ளை ‘மி மாத்ரே வினியேரோன்’ என்று எழுதும். ஸ்பானிஷில் அது பல அம்மாக்கள் வந்த கதை. ஒரு அம்மா என்றால் வினோதான். அதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. ‘நீங்க வந்தீங்க’ என்று பெரியவர் ஒருவரிடம் சொல்வதற்கும் ‘உஸ்தேத் வினோ’தான். எனக்கே இதை வாயில் ஏற்றக் கொஞ்ச நாள் பிடித்தது. ஆசிரியரை ‘வந்தான்’ என்கிற மாதிரி ஒரு கூச்சம்.

எழுத்தில் கவனிக்க வேண்டியது தலைக்கோடு. ‘எல்’ என்பதன் முதல் எழுத்தின் தலையில் சாய்கோடு இருந்தால் ‘அவன்’, இல்லாவிட்டால் வைனுக்கு முன்னால் ஒட்டும் வெறும் சுட்டு. கோடு போட்டால் ‘அவன் வந்தான்’, போடாவிட்டால் ‘அந்த வைன்’. பெரிய எழுத்தானாலும் கோடு வேண்டும். ஆனால் வினோவின் கடைசி ‘ஓ’வில் கோடு போடக்கூடாது. ‘ஆப்லோ’ (பேசினான்), ‘கோமியோ’ (சாப்பிட்டான்) போன்றவற்றில் கடைசி ஓவுக்கு அழுத்தமும் கோடும் உண்டு. அந்த ஞாபகத்தில் இதற்கும் போடுவார்கள். வினோவுக்கு அழுத்தம் முதல் அசையில். ஸ்பானிஷில் இப்படி அடங்காப்பிடாரி வினைகள் ஒரு கூட்டமே உண்டு: தீஹோ (சொன்னான்), ஈசோ (செய்தான்), பூசோ (வைத்தான்).

வெறும் ‘வினோ தே சிலே’ என்று மட்டும் கண்டால்? சிலி நாட்டு வைனாகவும் இருக்கலாம், சிலியிலிருந்து வந்தவனாகவும் இருக்கலாம். முன்பின் வாக்கியம் படிக்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

உச்சரிப்பில் ஒன்று. எழுத்து ஆங்கில ‘வி’தான், ஒலி ‘பீடி’யில் வரும் பி. ‘உன் வினோ’ (ஒரு வைன்) என்பது வாயில் ‘உம்பினோ’ ஆகும், நம் ‘தம்பி’யின் பி போலவே. ஆனால் நோட்டில் தமிழில் ‘பினோ’ என்று எழுதி வைத்தால் ‘படம்’ என்பதன் ப-வாக வாசித்துவிடுவீர்கள். அது பைன் மரம். மலையாள எழுத்து தெரிந்தவர்கள் அதில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து இருக்கிறது.

சிவப்பு வைனை ‘வினோ ரோஹோ’ என்று சொல்லாதீர்கள், ‘வினோ தின்தோ’. கொலம்பியாவில் வெறும் ‘தின்தோ’ கேட்டால் கடுங்காப்பி வரும்.

கடைசியாக, ‘வருதல்’ பற்றி. வெனிர் என்பது பேசுகிறவர் இருக்கும் இடத்தை நோக்கி வருவது மட்டும்தான். அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டால் நாம் ‘இதோ வர்றேன்’ என்போம். அதே நினைப்பில் ஸ்பானிஷில் ‘வெங்கோ’ என்றால் தவறு. அவர்கள் ‘இதோ போகிறேன்’ என்பார்கள். அந்தச் சொல்லைத் தமிழில் எழுதினால் எப்படி வரும் தெரியுமா? ‘யா போய்’. இதை மட்டும் எந்தப் பிள்ளைக்கும் நான் இரண்டாம் தடவை சொல்லிக்கொடுத்ததில்லை.