மெக்னீசியம் ஆக்சைடு பலகை: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

சென்ற மாதம் வேலை நடக்கும் வீடொன்றுக்குப் போயிருந்தேன். இளைஞர் ஒருவர் தடுப்புச் சுவருக்கான மெக்னீசியம் ஆக்சைடு பலகைகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் திறந்திருந்த ஸ்க்ரூ பெட்டியில் இருந்தவை கறுப்பு ஸ்க்ரூக்கள், ஜிப்சம் பலகைக்கு அடிக்கிறவை. "தம்பி, இதையா அடிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். "ஆமாம் அண்ணா, பலகைதானே, எல்லாம் ஒன்றுதான்" என்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். அன்று மாலையே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முகக்கவசம் அணியுங்கள், அளவெடுத்துவிட்டு வெட்டுங்கள் என்பதெல்லாம் எவருக்கும் தெரிந்ததே. பணத்தையும் உழைப்பையும் விழுங்குகிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எந்த உப்பு என்று கேட்காமல் வாங்குவது

மற்றவற்றைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள்.

மெக்னீசியம் ஆக்சைடு என்பது ஒரு வெள்ளைத் தூள். அதைத் தண்ணீரில் மட்டும் குழைத்தால் உறுதியான பலகை கிடைக்காது. கூட ஓர் உப்புக் கரைசல் வேண்டும். பிரெஞ்சுக்காரரான சோரெல் 1867இல் அறிவித்த சிமெண்டில் அந்த உப்பு மெக்னீசியம் குளோரைடு. இன்றும் சந்தைக்கு வரும் பலகைகளில் நிறைய அந்த வழியில் செய்யப்பட்டவையே. மரத்தூள், பெர்லைட் என்னும் இலேசான கனிமத் துகள் போன்றவற்றைக் கலந்து, இரு முகங்களிலும் கண்ணாடியிழை வலையைப் பதித்து உருட்டி எடுக்கிறார்கள். குளோரைடுக்குப் பதில் மெக்னீசியம் சல்பேட் சேர்த்துச் செய்யும் பலகையும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரிய ஒரு மழைக்காலம் ஆகும்.

மெக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்தே தண்ணீரை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 33 சதவீதத்தைத் தாண்டினாலே அது கரையத் தொடங்கிவிடும். தொழிற்சாலையில் கலவை விகிதம் பிசகினாலோ, பலகை சரியாக இறுகாவிட்டாலோ, வினையில் சேராத குளோரைடு உள்ளேயே தங்கிவிடுகிறது. ஒழுங்காகச் செய்த பலகையும் நெடுநாள் ஈரத்தில் இருந்தால், இறுகிய படிகம் சிதைந்து குளோரைடு கரைந்து வெளியே வரும். அப்போது பலகையின் மேல் உப்பு நீர் துளித் துளியாக அரும்பி வழிகிறது. பலகை அழுகிறது என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

நான் அதை முதலில் பார்த்தது என் சொந்த வேலையில். வீட்டின் பின்கட்டில் துத்தநாகப் பூச்சிட்ட இரும்புச் சட்டம் நிறுத்தி, பலகை அடித்து, புட்டி இழுத்துப் பெயிண்டும் அடித்தாயிற்று. சுவர் அழகாக இருந்தது. நான்காவது மாதம் மழை பிடித்தது. ஒருநாள் காலை பார்த்தால் சுவரின் கீழ்ப்பகுதியில் வரிசையாகத் துளிகள், ஒவ்வொன்றும் சரியாக ஒரு ஸ்க்ரூத் தலையின் மேல். கூரை ஒழுகுகிறது என்று நினைத்து மேலே ஏறித் தேடினேன். கூரை காய்ந்து கிடந்தது. ஒரு துளியை விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன். கசப்பு, அதன் பின்னால் உப்பு. இரண்டு வாரத்தில் துளி இருந்த இடங்களில் பழுப்பு வட்டங்கள் படர்ந்தன. ஒரு ஸ்க்ரூவைக் கழற்றப் போனேன். தலை மட்டும் கையோடு வந்தது.

அடுத்து நான் செய்த முட்டாள்தனம்தான் இன்றும் எரிச்சலூட்டுகிறது. ஸ்க்ரூவில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூக்களை அடித்தேன், மீண்டும் புட்டி, மீண்டும் பெயிண்ட். அடுத்த மழைக்காலத்தில் ஸ்க்ரூக்கள் பளபளவென்று இருந்தன. பின்னால் இருந்த சட்டம் அரித்துப் போயிருந்தது. உப்பு நீருக்கு ஸ்க்ரூ என்றும் சட்டம் என்றும் வேறுபாடு கிடையாது. தொட்ட உலோகத்தையெல்லாம் அது தின்னும். போதாக்குறைக்கு, துருப்பிடிக்காத எஃகும் துத்தநாகப் பூச்சும் உப்பு நீரில் ஒன்றையொன்று தொட்டால் துத்தநாகம் இன்னும் வேகமாகக் கரையும். ஒரே சுவருக்கு மூன்று முறை உழைத்தேன்.

"கான்கிரீட்டுக்குள் கம்பி பல ஆண்டுகள் கிடக்கிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. சாதாரண சிமெண்டின் காரத்தன்மை மிக அதிகம், பிஹெச் 12க்கு மேல். அது கம்பியின் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. மெக்னீசியம் சிமெண்டில் பிஹெச் 10 அளவில்தான் இருக்கும். காப்பும் இல்லை, கூடவே குளோரைடும் இருக்கிறது.

இது எனக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் அன்று. டென்மார்க்கில் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏராளமான கட்டடங்களின் வெளிச்சுவரில் காற்றுத் தடுப்பாக இந்தப் பலகைகளைப் பொருத்தினார்கள். ஈரமான குளிர்காலத்தில் அவை உப்பு நீரை வடித்தன. உலோக இணைப்புகள் துருப்பிடித்தன, பின்னிருந்த மரச்சட்டங்கள் நனைந்து கெட்டன. 2015 வாக்கில் விஷயம் வெளியே தெரிந்தபோது, பொருத்திய பலகைகளைப் பிரித்து எடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. படித்த பொறியாளர்கள் கூடிய இடத்திலேயே இது நடந்தது. "பலகை மக்காது, பூஞ்சை பிடிக்காது" என்று விற்பவர் சொன்னது பொய்யில்லை. பலகை மக்கவில்லை. அதைத் தாங்கி நின்றவை மக்கின.

ஆகவே வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது: குளோரைடா, சல்பேட்டா? வாய்வார்த்தையை ஏற்காதீர்கள். நீரில் கரையும் குளோரைடு எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள். அந்த அறிக்கை நீங்கள் வாங்கப்போகும் தொகுதிக்கு உரியதா என்றும் பாருங்கள். அறிக்கை இல்லை என்றால் நான் வாங்குவதில்லை.

அறிக்கை இருந்தாலும் வீட்டில் ஒரு சோதனை செய்துவிடுவேன். மூடியுள்ள இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள். இரண்டின் அடியிலும் ஈரத்துணி, அதன்மேல், வைக்கும் துண்டு துணியைத் தொடாதபடி, சிறு கட்டைகள். ஒன்றில் உள்ளங்கை அளவு பலகைத் துண்டு, மற்றதில் அதே அளவு ஜிப்சம் துண்டு. இரண்டிலும் சாதாரண இரும்பு ஸ்க்ரூ இரண்டிரண்டு. மூடி, மூன்று வாரம் ஓரமாக வைத்துவிடுங்கள். ஜிப்சம் துண்டை வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அந்த ஈரத்தில் எந்த ஸ்க்ரூவும் கொஞ்சம் துருப்பிடிக்கத்தான் செய்யும். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பலகைத் துண்டின் மேல் துளி அரும்பி, ஸ்க்ரூவைச் சுற்றிப் பழுப்பு நீர் தேங்கியிருந்தால் அந்தச் சரக்கு வேண்டாம்.

சல்பேட் பலகைக்கும் நான் துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூவே அடிக்கிறேன். சூடுபட்ட பூனை அடுப்பங்கரையை நாடாது.

எரியாது என்பதை நெருப்பைத் தடுக்கும் என்று எடுத்துக்கொள்வது

பலகை எரியாது, உண்மை. சூடேறும்போது அதில் பிணைந்திருக்கும் நீர் ஆவியாகி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும்; அதுவும் உண்மை. ஆனால் "ஒரு மணி நேரம் தாங்கும்" என்ற சான்றிதழ் தனிப் பலகைக்குத் தரப்படுவதில்லை. பலகையின் தடிமன், சட்டத்தின் இடைவெளி, உள்ளே வைத்த வெப்பத்தடுப்புக் கம்பளி, ஸ்க்ரூ இடைவெளி, இணைப்பில் இட்ட பூச்சு எல்லாம் சேர்ந்த சுவருக்குத்தான் அந்த மணிக்கணக்கு. சோதனையில் 12 மி.மீ. இருபுறமும் அடித்திருக்க, நீங்கள் 6 மி.மீ. அடித்துவிட்டு அதே சான்றிதழைக் காட்டினால் அதற்குப் பொருள் இல்லை. மின்பெட்டிக்காக வெட்டிய ஓட்டையை அடைக்காமல் விட்டால் புகை அந்த வழியாகவே அடுத்த அறைக்குப் போய்விடும்.

குளியலறையில் நீர்க்காப்பு இல்லாமல் ஓடு ஒட்டுவது

பலகை நனைந்தால் ஜிப்சம் போலக் கூழாகாது. அதனால் நீர் புகாது என்று நினைத்துவிடுகிறார்கள். நீர் புகும், அதன் வழியே பின்னாலும் போகும். ஓட்டுக்கு அடியில் நீர்க்காப்புப் பூச்சு கட்டாயம். மூலைகளிலும் குழாய் வரும் துளைகளிலும் இரட்டிப்புக் கவனம் வேண்டும். வெட்டிய விளிம்புகளை மூடாமல் விடாதீர்கள். நீர் முதலில் நுழைவது அங்கேதான்.

கூரையடியில் ஒற்றை ஆளாக ஏற்றுவது

1220க்கு 2440 மி.மீ. அளவுள்ள 12 மி.மீ. பலகை ஏறத்தாழ 35 கிலோ. இரண்டு பேர், ஒரு முட்டுக்கட்டை.

வெறும் பலகையில் பெயிண்ட்

காரத்தன்மை உள்ள பரப்பு. காரத்தைத் தாங்கும் பிரைமர் முதலில்.

இடைவெளி விடாமல் நெருக்கி அடிப்பது

பலகைகளுக்கு இடையே மூன்று மி.மீ. விடுங்கள். இணைப்பின் மேல் ஒட்டும் வலை நாடாவும் காரத்தைத் தாங்குவதாக இருக்கட்டும்.

சுவரில் சாய்த்து வைப்பது

வளையும். மட்டமான கட்டைகளின் மேல் படுக்க வையுங்கள், தரையில் நேரடியாக வைக்க வேண்டாம்.

ஏற்கெனவே அடித்துவிட்டவர்கள் செய்யும் தவறு

துளியைத் துடைத்துவிட்டு மேலே இன்னொரு பூச்சு அடிப்பது. எத்தனை பேர் இதைச் செய்வதைப் பார்த்துவிட்டேன்! உப்பு உள்ளேதான் இருக்கிறது. முன்பக்கத்தை அடைத்தால் ஈரம் பின்பக்கம் திரும்பி, கண்ணுக்குத் தெரியாத சட்டத்தில் இறங்கும். சுவர் பார்வைக்கு நன்றாக இருக்கும் அந்த மாதங்களில்தான் உள்ளே சேதம் அதிகம். கீழ்ப்பகுதியில் ஒரு பலகையை மட்டும் கழற்றி, விளக்கடித்துச் சட்டத்தின் அடிப்பட்டையைப் பாருங்கள். சட்டம் தரையோடு சேரும் இடத்தை ஆணி முனையால் குத்திப் பாருங்கள். வெள்ளைப் பொடி மட்டும் பூத்திருந்தால் துத்தநாகம் கரைய ஆரம்பித்திருக்கிறது, சட்டம் பிழைக்கும். பலகைகளை அப்போதே கழற்றி, சட்டத்தை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். ஆணி உள்ளே இறங்கினால் சட்டமும் போயிற்று.