பந்து எறியக் கற்றுக்கொடுக்கும்போது செய்யக் கூடாதவை

போன வாரம் வேலூர் கோட்டை மைதானத்தில் ஒரு இளம் கோச் பன்னிரண்டு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி பேஸ்பால் எறியச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "ஒன்று" என்றால் கையைத் தூக்க வேண்டும். "இரண்டு" என்றால் முழங்கையைத் தோள் மட்டத்துக்குக் கொண்டுவந்து சிலை மாதிரி நிற்க வேண்டும். "மூன்று" என்றால்தான் பந்து கையை விட்டுப் போகலாம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்பு நானும் இதையேதான் செய்தேன், இதே எண்ணிக்கையோடு.

வார்ம்-அப் இல்லாமல் எறிவது, சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நிற்பது எல்லாம் தப்பு என்று யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எறிதலைத் துண்டு துண்டாக வெட்டுவது

பள்ளிகொண்டா பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். பதின்மூன்று வயது. பாலாற்றங்கரைப் புளியமரங்களில் கல்லால் காய் அடித்தே வளர்ந்தவன். முதல் நாள் அவன் எறிந்த பந்தை வாங்கியதில் க்ளவுஸுக்குள்ளேயே என் உள்ளங்கை எரிந்தது. ஆனால் என் கண்ணில் பட்டதெல்லாம் அவன் கை கொஞ்சம் பக்கவாட்டில் சுற்றி வந்தது மட்டும்தான். அதைச் சரிசெய்யப் புறப்பட்டேன். முழங்கையைத் தூக்கு, மணிக்கட்டை மடக்கு, அப்படியே நில்.

ஒருநாள் கேட்டான், "சார், புளியங்கா அடிக்கிற மாதிரியே எறியட்டுமா?"

"அது வேற, இது வேறடா" என்றேன்.

நாலாவது வாரம் அவன் பந்து, எதிரே பிடிக்க நிற்கும் கேட்சருக்கு முன்னாலேயே தரையில் விழுந்தது. முழங்கையின் உட்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே நின்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. அவன் அப்பா வந்து க்ளவுஸைத் திருப்பிக் கொடுத்தார். "கை வலிக்குதுங்கறான் சார், வேணாம்." அந்த க்ளவுஸின் பட்டியில் அவன் பேனாவால் எழுதிய இனிஷியல் இன்னும் அழியவில்லை.

அவனுக்குத் தெரிந்ததும் எனக்குத் தெரியாததும் ஒன்றுதான். எறிதல் காலில் தொடங்குகிறது. முன்கால் தரையில் ஊன்றியதும் இடுப்பு திரும்புகிறது, அப்புறம் நெஞ்சு, அதற்குப் பின் தோள், முழங்கை, கடைசியில்தான் விரல்நுனி. சாட்டையைச் சொடுக்குகிறவன் நுனியைப் பிடித்து இழுப்பதில்லை, பிடியை அசைக்கிறான். பம்பரம் விடும் பிள்ளையைப் பாருங்கள், அதே வரிசைதான். "இரண்டு" என்று சொல்லி நடுவில் நிறுத்தினால், காலிலிருந்து கிளம்பிய வேகம் இடுப்போடு செத்துப்போகும். மிச்ச வேலை முழுவதும் கைமேல் விழும். வலி அங்கேதான் பிறக்கிறது.

போனில் ஸ்லோமோஷன் வந்த பிறகு இந்தத் தப்பு இன்னும் கூடிவிட்டது. பெரிய பிட்சரின், அதாவது பேஸ்பாலில் பந்து எறிபவரின், வீடியோவை நிறுத்திப் பார்த்தால், பந்து கிளம்புவதற்குச் சற்று முன் முன்னங்கை பின்னால் மல்லாந்து கிடக்கும். உடனே பிள்ளையின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைக்கிறார்கள். அது வைத்து வருவதில்லை. உடம்பு முன்னே பாய்வதால் கை பின்தங்கித் தானாகச் சாய்கிறது. தொழில்முறை பிட்சரின் தோள் வினாடிக்கு சுமார் 7,000 டிகிரி வேகத்தில் சுழலக்கூடியது. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் காரியம். அதற்கு நடுவில் "முழங்கையைத் தூக்கு" என்று யோசிக்க யாராலும் முடியாது.

உத்தரப்பிரதேசத்து ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். 2008இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவர்களை ஒப்பந்தம் செய்தபோது, பேஸ்பாலே அவர்களுக்குப் புதுசு. எறியத் தெரிந்த உடம்பு முதலில் இருந்தது, ஆட்டம் பிறகு வந்தது.

அதனால் இப்போது நான் உடம்பைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். காலி பெயிண்ட் டின்னை வைத்து "அடி" என்கிறேன். கையை மட்டும் வீசுகிற பிள்ளையை இன்னும் பின்னால் போகச் சொல்கிறேன். தூரம் கூடினால் காலும் இடுப்பும் தாமாக வேலைக்கு வரும். கால் தயங்கினால் மூன்றடி நடந்து வந்து எறியச் சொல்கிறேன். ஏரியில் தண்ணீர் இருந்தால் ஓட்டாஞ்சில்லு தத்த விடச் சொல்வேன். இடுப்பு திரும்புவதை அதைவிட நன்றாக நான் கற்றுக்கொடுத்ததில்லை.

கிரிக்கெட் கையோடு வருபவர்கள்

நம் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் பௌலர்கள். முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் நோபால் என்ற பயத்தில் பழகிய கை அது. இங்கேயும் விறைப்பாக வரும். "பௌலிங் போடாதே, பவுண்டரியிலிருந்து கீப்பருக்கு எறி" என்று சொன்னால் போதும், கை தானாக மடங்கும்.

பெரியவர்கள் தூரத்தில் நிறுத்துவது

பிட்சரிடமிருந்து பேட்டர் நிற்கும் இடம் வரை பெரியவர்களுக்கு 18.44 மீட்டர். அமெரிக்காவின் சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீகில் பன்னிரண்டு வயது வரை சுமார் 14 மீட்டர்தான். பத்து வயதுப் பிள்ளையைப் பெரியவர் கோட்டில் நிறுத்தினால், அது முதுகை வளைத்துத்தான் பந்தைக் கொண்டுசேர்க்கும்.

கர்வ்பால்

விரலால் சுழற்றி வளைந்து இறங்க வைக்கும் இந்தப் பந்து சின்ன வயதில் வேண்டாம்.

எண்ணாமல் விடுவது

நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டுதலில் ஒரு நாளைக்கு உச்சவரம்பு 9–10 வயதுக்கு 75 பந்து, 11–12க்கு 85, 13–14க்கு 95. அறுபத்தாறைத் தொட்டுவிட்டால் நாலு நாள் ஓய்வு. அளவு மீறி எறிந்தால் பெரியவர்களுக்கு முழங்கையின் உட்பக்க ஜவ்வு கிழியும். 1974இல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் அதை மாற்றி வைத்த பிறகு அந்த அறுவை சிகிச்சைக்கே அந்தப் பிட்சரின் பெயர் வந்துவிட்டது. வளரும் பிள்ளைக்கு, ஜவ்வுக்கு முன்னால் எலும்பு வளரும் இடத்துக் குருத்துதான் அடிபடும்.

வலி

வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு நிறுத்தம்.

அந்த இளம் கோச்சிடம் போய்ப் பேசினேன். "அப்போ வரிசையில நிக்க வைக்கவே கூடாதா சார்?" என்று கேட்டார். பக்கத்தில் கிடந்த டின் ஒன்றை எடுத்துக் கல்மேல் வைத்தேன். கடைசியில் நின்ற சிறுமியைக் கூப்பிட்டோம். முதல் மூன்று பந்தும் தள்ளிப் போயின. நாலாவதுக்கு அவள் யாரும் சொல்லாமலே இடது காலை நீட்டி ஊன்றினாள், பின்னல் சுழன்று தோளில் அடித்தது, டின் உருண்டது. அவர் போய் அதை எடுத்து, ஐந்தடி பின்னால் தள்ளி வைத்தார்.