புல்வெட்டி டிராக்டர் ஆயிலில் மினுமினுப்பா?

புது புல்வெட்டி டிராக்டரில் முதல் தடவை வடிக்கும் ஆயிலை வெயிலில் பிடித்துப் பார்த்தால், மிக நுண்ணிய வெள்ளித்தூள் மாதிரி மினுங்கும். பயப்பட வேண்டாம், பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் உராய்ந்து படியும் காலம் அது. முதல் ஆயிலைச் சில மணி நேர ஓட்டத்திலேயே மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

விரலில் நெருடும் துகள் வந்தால்தான் கவலை. ஒரு காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் பளபளத்தால் பெரும்பாலும் அலுமினியம். இந்தச் சிறு எஞ்சின்கள் பலவற்றில், பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு (எஞ்சினின் சுழலும் தண்டு) இணைக்கும் கனெக்டிங் ராடே அலுமினியம்தான். தனி பேரிங் இல்லாமல் நேராகக் கிராங்க் ஷாஃப்ட்டின் மேலேயே சுழலும். அங்கே தேய்மானம் என்றால் வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுவதே நல்லது.

பழைய ஆயில் ஃபில்டரையும் வெட்டி, உள்ளே துகள் இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்ஸா பிளேடு மட்டும் வேண்டாம், அது அறுக்கும் தூளே உள்ளே விழுந்து குழப்பிவிடும்.

அப்புறம், மரை பொருந்துகிறதே என்று ஏதோ ஒரு கார் ஃபில்டரை மாட்டாதீர்கள். உள்ளே பைபாஸ் வால்வு (ஃபில்டர் அடைத்துக்கொண்டால் ஆயிலை வடிகட்டாமலே விடும் வால்வு) திறக்கும் அழுத்தம் வேறாக இருக்கலாம். சீக்கிரம் திறந்தால் வடிகட்டாத ஆயில்தான் எஞ்சினுக்குள் சுற்றும். கையேட்டில் உள்ள பார்ட் நம்பரைச் சொல்லி வாங்குங்கள்.