குளிர்காலையில் பைக்கின் அடியில் கூலன்ட் சொட்டு: எங்கே தேடுவது, எப்படி நிறுத்துவது

மார்கழி, தை மாதங்களில் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இரவு நிறுத்திய வண்டியின் அடியில் காலையில் இரண்டு மூன்று சொட்டு கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) பச்சையாகவோ சிவப்பாகவோ கிடக்கும். எஞ்சின் சூடானதும் நின்றுவிடும். அன்று முழுக்க மலைப்பாதையில் ஓட்டினாலும் ஒரு துளி விழாது. மறுநாள் காலை அதே இடத்தில் மறுபடி சொட்டியிருக்கும். இந்த மாதிரிக் கசிவைப் பார்த்ததும் ரேடியேட்டர் ஓட்டை, ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். அநேகமாக ரப்பர் ஹோஸ் அலுமினியக் குழாய் வாயைப் பிடிக்கும் ஏதோ ஓர் இடத்தில் பிடி தளர்ந்திருக்கிறது. ஒரு திருப்புளி, ஒரு டார்ச், கொஞ்சம் டிஷ்யூ காகிதம் இருந்தால் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

யமஹா ஆர்15, பல்சர் என்எஸ்200, டோமினார் 400, கேடிஎம் டியூக், ஹிமாலயன் 450 போன்ற கூலன்ட் ஓடும் வண்டிகளுக்குத்தான் இது. ராயல் என்ஃபீல்டு 650 வண்டிகளின் முன்னால் ரேடியேட்டர் போலத் தெரிவது ஆயில் கூலர். அங்கிருந்து ஒழுகினால் அது எஞ்சின் ஆயில், வைத்தியமும் வேறு.

சூட்டில் நிற்கும் கசிவு குளிரில் ஏன் வருகிறது

குளிரும்போது ரப்பர் அலுமினியத்தைவிடப் பல மடங்கு சுருங்கும், விறைத்தும் போகும். புது ஹோஸ் என்றால் தன் நெகிழ்ச்சியால் குழாயைக் கவ்விக்கொண்டே இருக்கும். நான்கைந்து வருடம், ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பின் அடியில் அமுங்கிக் கிடந்த ஹோஸில் அந்த நெகிழ்ச்சி செத்துப்போயிருக்கும். அமுங்கிய இடம் அமுங்கியபடியே நிற்கும். அதன் மேல் இருப்பது ஸ்க்ரூ கிளிப் என்றால் அதன் வட்டம் மாறாது. உள்ளே ரப்பர் சுருங்கியதும் முடியளவு இடைவெளி விழுகிறது, அது வழியாகக் கூலன்ட் வெளியே வருகிறது. ஸ்பிரிங் கிளிப் ரப்பரோடு சேர்ந்து சுருங்கி விரியும் என்பதால் அது போட்ட இடங்களில் இந்தத் தொல்லை குறைவு.

சூட்டில் அழுத்தம் கூடுகிறதே, அப்போதல்லவா அதிகம் ஒழுக வேண்டும் என்று கேட்கலாம். அழுத்தம் கூடுவது உண்மைதான். ஆனால் அதற்குள் ரப்பர் விரிந்து, இளகி, இடைவெளியை அடைத்துவிடுகிறது. ஆகவே சூடான எஞ்சினில் இந்தக் கசிவைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் தேடுங்கள்.

முதலில், அது கூலன்ட்தானா?

மலைக்குளிரில் ரேடியேட்டர் தகடுகளில் பனி படிந்து சொட்டும். சைலென்சரின் அடித்துளையிலிருந்தும் தண்ணீர் வரும். இரண்டும் இயல்பு. சொட்டை வெள்ளை டிஷ்யூவில் ஒற்றிப் பாருங்கள். தண்ணீர் என்றால் நிறமில்லாமல் காய்ந்துவிடும். கூலன்ட் என்றால் நிறம் தெரியும், விரலில் வழுவழுக்கும், நெடுநேரம் காயாது. நாக்கில் வைத்து மட்டும் பார்க்காதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம்.

ரேடியேட்டரோடு இணைந்த ஓவர்ஃப்ளோ பாட்டிலில் (மிகையான கூலன்ட் போய் நிற்கும் பாட்டில்) அளவு இறங்கியிருப்பதை வைத்தும் கசிவு என்று முடிவு செய்துவிட வேண்டாம். ஒரு லிட்டர் கூலன்ட் 90 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு ஆறினால் சுமார் 40 மி.லி. சுருங்கும், அந்த அளவைப் பாட்டிலிலிருந்து இழுத்துக்கொள்ளும். மதியம் பார்த்த அளவையும் விடியற்காலை அளவையும் ஒப்பிட்டால் வீண் கவலைதான். விடியற்காலையில் வண்டியைச் சமதரையில் நேராக நிமிர்த்தி, திரவம் நிற்கும் இடத்தில் பாட்டிலின் மேல் டேப் ஒட்டுங்கள். அடுத்த சில நாட்கள் அதே நேரத்தில், அதே நிலையில் பாருங்கள். டேப்பைவிட்டு இறங்கிக்கொண்டே போனால்தான் கசிவு.

இடத்தைக் கண்டுபிடிப்பது

முந்தின நாள் மாலை எஞ்சின் ஆறியதும் ஹோஸ் முனைகள், வாட்டர் பம்ப் மூடி, டிரெயின் போல்ட் (கூலன்டை வெளியே இறக்கும் போல்ட்) எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சுற்று டிஷ்யூ சுற்றிவிடுங்கள். காலையில் எது நனைந்திருக்கிறதோ அதுதான் இடம். ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிஷ்யூவை எல்லாம் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். சைலென்சர் பைப்பில் பட்டால் பற்றிக்கொள்ளும்.

திரவம் கீழே ஓடும், ஓட்டும்போது காற்றில் பின்னாலும் இழுபடும். அதனால் நனைந்த இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, முன்னே இருக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். நாள்பட்ட கசிவு என்றால் அங்கே உப்புப் பூத்தது போல வெள்ளை அல்லது பச்சைப் பொருக்கு நிற்கும். முதலில் ரேடியேட்டரின் கீழ் ஹோஸைப் பாருங்கள். அடுத்து பம்ப்புக்குள் நுழையும் ஹோஸ், பிறகு தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலன்டைத் திறந்துவிடும் வால்வு) மூடி, ரேடியேட்டர் கழுத்திலிருந்து பாட்டிலுக்குப் போகும் மெல்லிய குழாய், கடைசியாக டிரெயின் போல்ட்.

கிளிப்பை முடுக்குவது

எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போதுதான் முடுக்க வேண்டும். சூட்டில், ரப்பர் விரிந்திருக்கும்போது முடுக்கினால் இறுக்கம் போதும் என்று கைக்குத் தோன்றும். காலையில் மறுபடி சொட்டும்.

சின்ன ஸ்க்ரூ கிளிப்புக்கு 1.5 முதல் 2 நியூட்டன் மீட்டர் போதும். அதாவது சாதாரணத் திருப்புளியை மணிக்கட்டு பலத்தில் திருப்பி, கைக்கு எதிர்ப்பு தெரிந்ததும் நிறுத்துவது. கால் சுற்று முடுக்கி, ஒரு முறை ஓட்டிச் சூடாக்கி, இரவு ஆறவிட்டு, காலையில் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னொரு கால் சுற்று. கிளிப் பட்டையின் துளைகள் வழியே ரப்பர் பிதுங்கினால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். பட்டை ஹோஸை வெட்டத் தொடங்கிவிடும், பிறகு புது ஹோஸ்தான் போட வேண்டும்.

கிளிப் உட்கார்ந்திருக்கும் இடத்தையும் கவனியுங்கள். குழாய் வாயில் ஒரு மேடு வளையம் இருக்கும். கிளிப் அந்த மேட்டைத் தாண்டி உட்புறம், ஹோஸ் முனையிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தால் எவ்வளவு முடுக்கினாலும் ஒழுகும்.

முடுக்கியும் நிற்கவில்லை என்றால்

ஹோஸைக் கழற்ற வேண்டும். எஞ்சின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, பாத்திரம் வைத்து டிரெயின் போல்ட் வழியாகக் கூலன்டை இறக்குங்கள். சூடான எஞ்சினில் மூடியைத் தொடவே கூடாது. அழுத்தம் விட்ட நொடியில் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

ஹோஸ் ஒட்டிக்கொண்டால் திருப்புளியால் நெம்பாதீர்கள். அலுமினியத்தில் கீறல் விழும். கையால் முறுக்கி ஒட்டலை விடுவித்து இழுங்கள். குழாய் வாயில் வெண்பொருக்கு இருந்தால் 400 அல்லது 600 எண் எமரித்தாளை நனைத்து வட்டமாகச் சுற்றித் தேய்க்க வேண்டும். நீளவாக்கில் தேய்த்தால் விழும் ஒவ்வொரு கோடும் கூலன்ட் வெளியேற ஒரு வாய்க்கால். பலர் இந்த இடத்தில்தான் வேலையைக் கெடுக்கிறார்கள்.

ஹோஸ் முனையை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ, கல் போல விறைத்திருந்தாலோ, உட்புறம் ஆழமான பள்ளம் விழுந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். நன்றாக இருந்து, நீளமும் இடம் கொடுத்தால், முனையில் 5 மி.மீ. நேராக வெட்டி மீண்டும் பொருத்தலாம். வழுக்குவதற்குக் கொஞ்சம் கூலன்டையே தடவுங்கள். கிரீஸ், ஆயில் தடவினால் அந்த ரப்பர் ஊறி உப்பிவிடும். ஹோஸ் வாயில் அனபாண்ட் போன்ற அடைப்புப் பசை தடவும் பழக்கமும் வேண்டாம். பிதுங்கிய துணுக்கு உள்ளே போய் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும், அடுத்த முறை ஹோஸைக் கிழிக்காமல் கழற்றவும் முடியாது. கசிவை அடைக்கும் பவுடர், திரவங்களுக்கும் இதே பதில்தான். காரைவிடச் சிறிய பாதைகள் உள்ள பைக்கில் அவை அடைக்கக் கூடாததையும் அடைக்கும்.

டிரெயின் போல்டின் வாஷர் புதிதாக இருக்கட்டும். அது 6 எம்எம் போல்ட் என்றால் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் போதும். உங்கள் வண்டிக்கான எண்ணை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். அலுமினிய மரை வழுக்கினால் சின்னக் கசிவு பெரிய செலவாகிவிடும்.

பம்ப்பின் அடித்துளையிலிருந்து வந்தால்

வாட்டர் பம்ப் உடலின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். கூலன்டைத் தடுக்கும் மெக்கானிக்கல் சீலுக்கும் எஞ்சின் ஆயிலைத் தடுக்கும் ஆயில் சீலுக்கும் நடுவே திறக்கும் துளை அது. கூலன்ட் வந்தால் முதல் சீல் தேய்ந்திருக்கிறது, ஆயில் வந்தால் இரண்டாவது. குளிரில் சீலின் ரப்பர் விறைப்பதால் ஓரிரு துளி வந்து நின்றுவிடுவதுண்டு. வெறும் ஈரக்கறை என்றால் கவனித்து வரலாம். தினமும் சொட்டினாலோ, சூட்டிலும் சொட்டினாலோ சீல் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைப்பது மிகத் தவறு. வெளியேற வழியில்லாத கூலன்ட் ஆயில் சீலைத் தாண்டி எஞ்சின் ஆயிலில் கலந்து பேரிங்குகளைத் தின்றுவிடும். சீல் மாற்றும்போது மெக்கானிக்கல் சீல், ஆயில் சீல், மூடியின் ஓரிங் அல்லது கேஸ்கெட் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். ஷாஃப்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் இதற்கு கிளட்ச் பக்க மூடியையே கழற்ற வேண்டும். அனுபவமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

ஆயில் மூடியின் அடியில் பால் நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால் உடனே பதற வேண்டாம். குளிரில் குறைந்த தூரமே ஓட்டும் வண்டிகளில் காற்றின் ஈரம் ஆயிலோடு சேர்ந்து அப்படி ஆகும். அரை மணி நேரம் நன்றாக ஓட்டினால் மறைந்துவிடும். ஆயில் பார்க்கும் கண்ணாடியிலேயே பால் நிறம் தெரிந்து, கூலன்டும் குறைந்துகொண்டே போனால் வண்டியை ஓட்டாதீர்கள்.

ரேடியேட்டர் மூடி

இதைப் பலர் பார்ப்பதே இல்லை. மூடியில் இரண்டு வால்வு. ஒன்று அழுத்தம் மூடியில் குறித்த அளவைத் தாண்டினால் (பல வண்டிகளில் 1.1 பார்) கூலன்டைப் பாட்டிலுக்கு விடும், மற்றது ஆறும்போது திரும்ப இழுக்க விடும். காலையில் மேல் ஹோஸ் சப்பையாக அமுங்கியிருந்தால் இரண்டாவது வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது பாட்டில் குழாய் அடைத்திருக்கிறது. பாட்டில் நிறைந்தே இருக்க, ரேடியேட்டரில் மட்டும் அளவு குறைந்தால், ஆறும்போது கூலன்டுக்குப் பதில் காற்று உள்ளே போகிறது. மூடியின் ரப்பரையும் மெல்லிய குழாயின் இணைப்புகளையும் பாருங்கள். புது மூடி அதே அழுத்த எண் உள்ளதாக இருக்க வேண்டும்.

திரும்ப நிரப்புவது

கூலன்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி. இந்தக் கலவை பூஜ்யத்துக்குக் கீழ் சுமார் 37 டிகிரி வரை உறையாது. ஊட்டி அருகே தலைகுந்தாவின் உறைபனிக்கு மட்டுமல்ல, லடாக் பயணத்துக்கும் தாங்கும். கடையில் வாங்கும்போது கலந்து விற்பதா, அடர் திரவமா என்று லேபிளைப் பாருங்கள். கலந்து விற்பதில் மறுபடி பாதி தண்ணீர் சேர்த்தால் பூஜ்யத்துக்குக் கீழ் சுமார் 12 டிகிரியிலேயே உறையத் தொடங்கும், துருத் தடுப்பும் பாதியாகிவிடும். குழாய்த் தண்ணீர், போர்வெல் தண்ணீர் உப்புப் படிய வைக்கும். சமவெளியில் கோடை முழுக்க வெறும் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டிய வண்டியை அப்படியே மணாலி–லே பாதைக்குக் கொண்டு போகக் கூடாது. உறையும் தண்ணீர் 9 சதவீதம் விரியும், ரேடியேட்டர் அதைத் தாங்காது.

மெதுவாக ஊற்றி, ஹோஸ்களைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். மூடியைத் திறந்தபடி எஞ்சினைச் சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, இறங்கும் அளவுக்கு ஊற்றி, கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். காற்று விட ஸ்க்ரூ உள்ள வண்டிகளில் குமிழ் இல்லாமல் வரும் வரை அதைத் தளர்த்தி வையுங்கள். பாட்டிலில் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்கட்டும். ஃபேன் ஓடும் வரை சூடாக்கி, இரவு ஆறவிட்டு, காலையில் பாட்டிலையும் டிஷ்யூவையும் மறுபடி பாருங்கள்.

சிந்திய கூலன்ட் டயரில் பட்டிருந்தால் ஓட்டுவதற்கு முன் சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும், நன்றாக வழுக்கும். தரையில் கிடப்பதை மண் போட்டு உறிஞ்சவைத்து அள்ளிவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இனிப்புக்காக நாய், பூனை நக்கும். கொஞ்சம் போதும், சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். இறக்கிய பழைய கூலன்டை மூடியுள்ள கேனில் ஊற்றி, பெயர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, பழைய ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் இதையும் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.