ஆர்கேட் போர்டுகளை வீட்டில் இயக்க ஒரு சூப்பர்கன் கட்டுவது எப்படி

ஆர்கேட் கூடங்களில் ஆளுயரத்துக்கு நின்ற பெட்டிகளுக்குள் விளையாட்டு என்று சொல்லத்தக்கது ஒரு சர்க்யூட் போர்டு மட்டுமே. திரை, ஸ்பீக்கர், கைப்பிடி, காசு போடும் துளை, மின்வழங்கி ஆகிய யாவும் பெட்டியைச் சேர்ந்தவை. புது விளையாட்டு வந்தால் கூடத்தின் உரிமையாளர் பழைய போர்டைக் கழற்றிப் புதியதை மாட்டிக்கொள்வார். அந்தப் போர்டை மட்டும் வாங்கி வைத்திருப்பவர், பெட்டி செய்துவந்த வேலைகளையெல்லாம் செய்யும் ஒரு சிறு கருவியைக் கட்டிக்கொண்டால், வீட்டிலுள்ள தொலைக்காட்சியிலேயே விளையாடலாம். அந்தக் கருவியைச் சேகரிப்பாளர்கள் சூப்பர்கன் என்று அழைக்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூப்பர்கன் கெட்டால் மீண்டும் கட்டிவிடலாம். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் தனக்கென்றே செய்துகொண்ட சிப் எரிந்துபோனால், இன்னொரு போர்டைப் பலியிடாமல் அதற்கு மாற்று கிடைப்பது அரிது. ஆகவே கீழே சொல்லப்படும் வேலைகள் அனைத்தையும் போர்டு இல்லாமலே செய்து, அளந்து, சரிபார்த்து, அதன் பிறகே போர்டை மாட்ட வேண்டும்.

இந்த வேலை ஒருவரால் வீட்டில் செய்யக்கூடியதாக இருப்பதற்குக் காரணம் ஜாமா என்னும் இணைப்புத் தரம். ஜப்பானிய கேளிக்கை இயந்திர உற்பத்தியாளர் சங்கத்தின் பெயரால் 1980களின் நடுவில் வந்த இந்தத் தரம், போர்டின் விளிம்பிலுள்ள 56 பின்களில் எது எதற்கு என்று வரையறுத்தது. பாகங்கள் இருக்கும் பக்கத்தில் 28 பின்களும், அவற்றின் கால்களைப் பற்றவைத்த பின்புறமான சால்டர் பக்கத்தில் 28 பின்களும் 3.96 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்திருக்கும். பாகப் பக்கத்துக்கு 1 முதல் 28 வரை எண்களும், சால்டர் பக்கத்துக்கு ஆங்கில எழுத்துகளும் வழங்குகின்றன. எண்களோடு குழம்பக்கூடியவை முதலான நான்கு எழுத்துகளை இந்த வரிசையில் விட்டுவிட்டார்கள் என்பதை அறியாமல் எண்ணத் தொடங்கினால், ஏழாவது பின்னிலிருந்தே கணக்கு பிசகும். எனவே இங்கே இரு பக்கங்களுக்கும் எண்களையே பயன்படுத்துகிறேன்.

இரு பக்கத்திலும் 1, 2, 27, 28 ஆகியவை கிரவுண்ட். 3, 4 ஆகியவை +5 வோல்ட். 5 என்பது −5 வோல்ட். 6 என்பது +12 வோல்ட். 7 என்பது தடுப்புக்கான வெற்றிடம். பாகப் பக்கத்தின் 10 ஸ்பீக்கரின் நேர்முனை, சால்டர் பக்கத்தின் 10 அதன் எதிர்முனை. பாகப் பக்கத்தில் 12 சிவப்பு, 13 நீலம், 14 வீடியோ கிரவுண்ட். சால்டர் பக்கத்தில் 12 பச்சை, 13 சிங்க் (படத்தின் கோடுகளைத் திரையோடு ஒத்திசைக்கும் சைகை). பாகப் பக்கத்தின் 15 டெஸ்ட் பொத்தானுக்கும், சால்டர் பக்கத்தின் 14 சர்வீஸ் பொத்தானுக்கும் உரியவை. 16 காசு, 17 ஸ்டார்ட், 18 முதல் 21 வரை மேல், கீழ், இடது, வலது, 22 முதல் 24 வரை மூன்று பொத்தான்கள். இவற்றில் பாகப் பக்கம் முதல் ஆட்டக்காரருக்கும் சால்டர் பக்கம் இரண்டாம் ஆட்டக்காரருக்கும் உரியவை.

ஏழாவது இடத்தில், போர்டின் விளிம்பை ஏற்கும் கனெக்டருக்குள் செருகும் பிளாஸ்டிக் தடுப்பை எக்காரணத்தாலும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் கனெக்டரைத் தலைகீழாக மாட்டினால் ஆறாவது இடத்திலுள்ள 12 வோல்ட் போர்டின் 23ஆவது பின்னுக்கு, அதாவது இரண்டாவது பொத்தானின் உள்ளீட்டுக்குப் போய்ச் சேரும். 5 வோல்ட்டுக்கென்று செய்யப்பட்ட சிப்புகளுக்கு அந்த ஒரு கணம் போதும்.

மின்வழங்கியில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஆர்கேட் இயந்திரங்களுக்கென்றே விற்கப்படும் எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கி மூன்று மின்னழுத்தங்களையும் தருவதோடு, 5 வோல்ட்டைச் சற்றே கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகும் வைத்திருக்கும். புதிதாகக் கட்டுபவருக்கு நான் பரிந்துரைப்பது இதையே. கணினியின் ஏடிஎக்ஸ் மின்வழங்கியிலும் கட்டலாம் என்றாலும், பிற்கால ஏடிஎக்ஸ் வழங்கிகளில் −5 வோல்ட் இல்லை. அதன் −12 வோல்ட்டிலிருந்து 7905 ரெகுலேட்டரைக் கொண்டு −5 வோல்ட்டைப் பெற வேண்டியிருக்கும். பல போர்டுகளுக்கு −5 வோல்ட் தேவையே இல்லை. ஆனால் சில பழைய போர்டுகளில் அது இல்லாவிட்டால் ஒலி வராது.

எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளீட்டில் இருப்பது 230 வோல்ட். எர்த் கம்பியை அதன் உலோகக் கூட்டில் உறுதியாகத் திருகி, ஃபியூஸும் ஸ்விட்சும் சேர்த்து, விரல் படாதபடி முனைகளை மூடியிடுங்கள். 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் குறைந்தது 1 சதுர மில்லிமீட்டர் கம்பி வேண்டும். 5 வோல்ட்டுக்குரிய நான்கு பின்களையும், கிரவுண்டுக்குரிய எட்டுப் பின்களையும், ஒன்றுகூட விடாமல் இணைக்க வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் அன்று. 4 ஆம்பியர் இழுக்கும் ஒரு போர்டுக்குப் போகும் வழியில் கம்பியும் கனெக்டரும் சேர்ந்து 0.05 ஓம் தடை தந்தாலே 0.2 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். போர்டில் இருக்கும் டிடிஎல் என்னும் 5 வோல்ட் வகைச் சிப்புகளுக்கோ 4.75 வோல்ட்டுக்குக் கீழே வேலை செய்யும் உத்தரவாதம் கிடையாது. நான் முதலில் கட்டியதில், திரையில் வெடிப்புகள் நிறையும்போதெல்லாம் விளையாட்டு தானாக மறுதொடக்கம் ஆனது. மின்வழங்கியின் முனையில் 5.02 வோல்ட் காட்டியதால் போர்டுதான் பழுது என்று இரண்டு வாரம் நம்பியிருந்தேன். போர்டின் மேலேயே அளந்தபோது 4.71 இருந்தது. கம்பியை மாற்றியதும் சரியாயிற்று.

அடுத்தது படம். போர்டிலிருந்து வரும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று சைகைகளும் ஆர்கேட் மானிட்டருக்கு ஏற்றவை. அவற்றின் உச்சம் 3 வோல்ட்டையும் தாண்டும். வீட்டுத் திரைகள் எதிர்பார்ப்பது 75 ஓம் சுமையில் 0.7 வோல்ட் மட்டுமே. இடையில் ஒரு ரெசிஸ்டரை மட்டும் போட்டுக் குறைக்கும் எளிய முறையில் படம் வந்துவிடும் என்றாலும், 75 ஓம் சுமை போர்டின் வெளியீட்டையே இழுப்பதால், போர்டுக்குப் போர்டு வண்ணம் மாறி, சிலவற்றில் இருண்ட பகுதிகள் கலங்கிப்போகும். சிறந்த வழி, ஒவ்வொரு நிறத்துக்கும், திருகிச் சரிசெய்யத்தக்க 1 கிலோ ஓம் டிரிம்பாட் ஒன்றை வைத்து 0.7 வோல்ட் அளவுக்குக் குறைத்து, அதை டிஎச்எஸ்7374 போன்ற வீடியோ பெருக்கிச் சிப்பின் வழியே அனுப்புவது. அந்தச் சிப் சைகையை இருமடங்காக்கும். அதன் வெளியீட்டில் வரிசையாக வைக்கும் 75 ஓம் ரெசிஸ்டரும் திரையின் 75 ஓமும் சேர்ந்து அதைப் பாதியாக்கும். திரைக்குக் கிடைப்பது மீண்டும் 0.7 வோல்ட். போர்டோ 1 கிலோ ஓம் சுமையை மட்டுமே உணரும்.

சிங்க் சைகையும் 5 வோல்ட்டை ஒட்டிய டிடிஎல் அளவில் வருவதால் நேராகத் திரைக்குக் கொடுக்கக் கூடாது. 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வரிசையில் வைத்தால் திரையின் 75 ஓமோடு சேர்ந்து சுமார் 0.7 வோல்ட் ஆகிவிடும். படம் மேற்பகுதியில் வளைந்து ஓடினால், ரெசிஸ்டருக்கு முன்னால் எல்எம்1881 சிப்பை வைத்துச் சிங்கைச் சுத்தப்படுத்திக்கொள்ளலாம்.

எந்தத் திரை என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான ஜாமா போர்டுகளின் படம் நொடிக்குச் சுமார் 15,700 கோடுகள் வரையும் 15 கிலோஹெர்ட்ஸ் படம். கணினி மானிட்டர்களில் பெரும்பாலானவை இதை ஏற்பதில்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே ஏற்கும் ஆர்ஜிபி உள்ளீடுள்ள பழைய சிஆர்டி (படக்குழாய்த் திரை) கிடைத்தால் அதற்கு ஈடு வேறில்லை. நம் ஊர்ச் சிஆர்டி தொலைக்காட்சிகளில் ஆர்ஜிபியை ஏற்கும் ஐரோப்பாவின் ஸ்கார்ட் துளை கிடையாது. ஆனால் கடைசிக் காலத்தில் விற்றவற்றுள் பலவற்றில் பச்சை, நீலம், சிவப்பு எனக் காம்பொனென்ட் உள்ளீடுகள் மூன்று உண்டு. ஆர்ஜிபியைக் காம்பொனென்டாக மாற்றும் டிரான்ஸ்கோடர் ஒன்றிருந்தால் அவை நன்றாகவே காட்டும். தட்டைத் திரையில் பார்க்க விரும்புவோர், 15 கிலோஹெர்ட்ஸ் படத்தை அதற்கேற்ப மாற்றித் தரும் ஓஎஸ்எஸ்சி போன்ற ஸ்கேன் மாற்றியை நாடலாம். ஆனால் ஆர்கேட் போர்டுகள் நொடிக்குச் சரியாக 60 படம் தருவதில்லை: கேப்காம் நிறுவனத்தின் சிபிஎஸ்2 வகைப் போர்டு ஏறத்தாழ 59.6, எஸ்என்கே நிறுவனத்தின் எம்விஎஸ் வகைப் போர்டு 59.2, ஐரெம் நிறுவனத்தின் ஆர்-டைப் விளையாட்டு 55, மார்ட்டல் காம்பாட் 54.7. கடைசி இரண்டையும் ஏற்காத தட்டைத் திரைகள் பல உண்டு. அத்தகைய போர்டு உங்களிடம் இருந்தால், திரையை வாங்கும் முன்பே இதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஒலியில் ஒரே ஒரு கண்ணி உள்ளது. ஜாமா போர்டு தருவது ஸ்பீக்கரை நேரடியாக இயக்கும் பெருக்கப்பட்ட ஒலி; பல போர்டுகளில் ஸ்பீக்கரின் எதிர்முனை கிரவுண்ட் அன்று. அதைத் தொலைக்காட்சியின் ஆடியோ கிரவுண்டோடு இணைத்தால் போர்டின் பெருக்கிச் சிப் எரியக்கூடும். 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து நேராக இணைப்பதே பாதுகாப்பானது. தொலைக்காட்சியில்தான் கேட்க வேண்டுமென்றால், அந்த இரு முனைகளுக்கும் இடையில் சில வாட் தாங்கும் 8 ஓம் ரெசிஸ்டரை வைத்து, ஒலியளவைக் குறைத்து, 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வழியே எடுங்கள்.

கட்டுப்பாடுகள் எளிது. போர்டு ஒவ்வொரு உள்ளீட்டையும் 5 வோல்ட்டில் நிறுத்தியிருக்கும். பொத்தான் அதைக் கிரவுண்டோடு சேர்த்தால் அழுத்தியதாகக் கொள்ளும். ஆகவே எல்லாப் பொத்தான்களின் ஒரு முனையும் கிரவுண்டுக்கு, மறுமுனை உரிய பின்னுக்கு. கைப்பிடிகளைத் தனியே கழற்றும்படி 15 பின் டி கனெக்டர் வைப்பது வழக்கம். எஸ்என்கேயின் நியோ ஜியோ வீட்டு விளையாட்டுக் கருவியின் பின் வரிசையைப் பின்பற்றினால் பிறர் செய்த கைப்பிடிகளும் பொருந்தும். ஆறு பொத்தான் வேண்டும் சண்டை விளையாட்டுகளில் உதைகளுக்குரிய மூன்றும் ஜாமா விளிம்பில் வருவதில்லை. சிபிஎஸ்2 போர்டில் அவற்றுக்கென 34 பின் கனெக்டர் தனியே இருக்கும்.

இப்போது சோதனை. 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இணைத்து மின்வழங்கிக்கு 1 ஆம்பியர் சுமை கொடுங்கள். சுமையில்லாமல் அளந்தால் சில எஸ்எம்பிஎஸ்கள் தவறான அளவு காட்டும். ரெசிஸ்டர் சூடாகும், கை படாமல் வையுங்கள். பிறகு மல்டிமீட்டரால் கனெக்டரின் 56 இடங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, 3, 4, 5, 6 ஆகிய இடங்களைத் தவிர வேறெங்கும் மின்னழுத்தம் இல்லை என்று உறுதிசெய்து, தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, போர்டின் விளிம்பை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து மாட்டுங்கள். உலோக மேசையில் போர்டை வைக்காதீர்கள். ஸ்விட்சைப் போட்டதும், படத்தைப் பார்க்கும் முன், 14 கால் கொண்ட ஒரு 74 வரிசைச் சிப்பின் 7ஆம், 14ஆம் கால்களுக்கு இடையில் அளந்து, அங்கே 5.00 வரும்வரை திருகைச் சற்றுச் சற்றாக நகர்த்துங்கள். அதன் பிறகு டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் பல விளையாட்டுகளில் வண்ணப் பட்டைகள் தோன்றும்; வெண்மை வெண்மையாகத் தெரியும்வரை மூன்று டிரிம்பாட்களையும் சரிசெய்யுங்கள்.

ஜாமாவுக்கு முந்தைய போர்டுகளை அடாப்டர் இல்லாமல் மாட்ட இயலாது. அடாப்டரும் எப்போதும் போதாது. 1980இன் பேக்-மேன் போர்டு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மாறுதிசை மின்சாரத்தை எதிர்பார்ப்பது. 1981இன் டாங்கி காங் தன் நிறங்களைத் தலைகீழாக அனுப்புவது. சிபிஎஸ்2 வைத்திருப்போர் அதிலுள்ள 3.6 வோல்ட் பேட்டரியின் வயதைப் பாருங்கள்; விளையாட்டைத் திறக்கும் குறியீட்டுச் சாவி அந்த பேட்டரியின் தயவில்தான் நினைவகத்தில் நிற்கிறது, அது தீர்ந்தால் போர்டு விளையாட்டைத் தொடங்காது.

ஒவ்வொரு போர்டும் இழுக்கும் மின்னோட்டம் வேறு என்பதால், ஒன்றுக்குச் சரியாக வைத்த திருகு மற்றொன்றுக்கு 5.2 வோல்ட் தந்துவிடலாம். இழுவை அதிகமான போர்டைக் கழற்றியதும் திருகை முதலில் குறைத்துவிட்டு, அடுத்ததை மாட்டி மறுபடி அளந்து, அந்தப் போர்டுக்குரிய அளவை ஒரு சீட்டில் எழுதி அதனுடைய உறையிலேயே போட்டு வையுங்கள்.