ஏர் சஸ்பென்ஷன் மாட்யூல்: கழற்றும் முன்னும் மாட்டிய பின்னும்

ஏர் சஸ்பென்ஷன் உள்ள (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் தாங்கும்) வண்டி ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது என்றதும், அதன் உயரத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோல் மாட்யூலை மாற்றக் கிளம்பாதீர்கள். ராத்திரி நிறுத்தி, காலையில் பார்த்தால் ஒரு மூலை மட்டும் இறங்கியிருக்கிறது என்றால் அது பெரும்பாலும் காற்றுக் கசிவுதான். காற்றுப் பையின் மடிப்பிலும் குழாய் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள், குமிழி காட்டிக்கொடுத்துவிடும். பைகளுக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரஸர் ஓடவே இல்லையா? முதலில் ஃபியூஸ், ரிலே. வண்டியின் மாட்யூல்களோடு பேசிப் பழுது பார்க்கும் ஸ்கேனருக்கு மற்ற மாட்யூல்கள் எல்லாம் பதில் தந்து, இது மட்டும் வாய் திறக்காவிட்டால்தான் இதன்மேல் சந்தேகம் வர வேண்டும்.

அப்போதும் கனெக்டரைத்தான் முதலில் பார்ப்பேன். என் வண்டியில் மாட்யூல் டிக்கியின் பக்கவாட்டு அட்டைக்குப் பின்னால் இருக்கிறது. இக்னிஷனைப் போட்டு, கனெக்டரைக் கழற்றாமலே அதன் எர்த் ஒயருக்கும் பாட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தேன். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 2 வோல்ட் காட்டியது. பிரித்துப் பார்த்தால் அந்த எர்த் ஒயரின் பின் (ஊசி) முழுக்கப் பச்சைக் களிம்பு. சுத்தம் செய்ததும் மாட்யூல் உயிர் பெற்றது. மூன்று வாரத்தில் மறுபடி செத்தது. தண்ணீர் மாட்யூலுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு வரை போயிருந்தது. பின் விளக்கின் ரப்பர் வெடித்து, அந்த வழியாக இறங்கியிருக்கிறது. அதை அடைக்காமல் புது மாட்யூலை மாட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

மாற்றும் வேலை சின்னதுதான். ஆனால் காற்றை நம்பிச் சக்கர வளைவுக்குள் கை விடாதீர்கள். ஜாக்கியில் தூக்கும் முன், வண்டி தானாக உயரத்தை மாற்றாமல் தடுக்கும் ஜாக் மோடைப் போடுங்கள். மாட்யூல் செத்திருந்தால் அது வேலை செய்யாது, சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். உள்ளே கை விடுவது ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான். அப்புறம் பாட்டரி நெகட்டிவைக் கழற்றி, பத்து நிமிடம் பொறுத்து, கனெக்டரின் பூட்டை விடுவித்து மாட்யூலை எடுங்கள். புதியதைத் தொடும் முன் வெறும் உலோகத்தைத் தொட்டு, உடம்பிலுள்ள மின்னூட்டத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். பழைய மாட்யூல் வாங்கினால் பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும். அதில் வேறு வண்டியின் உயர அளவுகள் பதிந்திருக்கும் என்பதால், கோடிங்கும் (மாட்யூலை உங்கள் வண்டிக்கேற்ப அமைப்பது) கலிபரேஷனும் (உங்கள் வண்டியின் உயர அளவுகளைப் பதிவது) செய்யாமல் ஓட்டக்கூடாது.

கோடிங் நடக்கும்போது வோல்டேஜ் இறங்கினால் மாட்யூலே கெட்டுவிடலாம். அதனால் பாட்டரியோடு சார்ஜர் இணைந்திருக்கட்டும்.

கலிபரேஷனுக்கு மட்டம் சரியான தரை வேண்டும், வண்டிக்குள் சுமை இருக்கக்கூடாது. சக்கரத்தின் நடுமையத்திலிருந்து அதற்கு மேலிருக்கும் ஃபெண்டர் (சக்கர வளைவு) விளிம்பு வரை, நேர் செங்குத்தாக, மில்லிமீட்டரில் அளந்து நான்கு எண்களையும் ஸ்கேனரில் கொடுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றழுத்தமும் கணக்கில் கலந்துவிடும். நான் ஒவ்வொரு சக்கரத்தையும் இரண்டு முறை அளந்தேன். பின் இடதில் முதல் முறை டேப் சாய்ந்து 6 மில்லிமீட்டர் கூடிவிட்டது.

ராத்திரி நிறுத்திவைத்து, காலையில் அதே நான்கு அளவையும் மறுபடி எடுங்கள். முன்விளக்கின் வெளிச்சத்தைச் சுவரில் அடித்து அதன் உயரத்தையும் பார்த்துவிடுங்கள். வண்டியின் உயரம் மாறியிருந்தால் அதுவும் மாறியிருக்கும்.