வரியில் இல்லாததை வரைதல்

பிள்ளைகளின் படக்கதைக்குப் படம் வரைபவரா? கதை கைக்கு வந்ததும் தூரிகையைத் தொடாதீர்கள். எழுத்தாளர் சொல்லாமல் விட்டவற்றை முதலில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். நான் வரைந்த ஒரு கதையில் "அப்பா வலை வீசப் போனார்" என்று ஒரு வரி இருந்தது. தோணியில் நிற்கும் அப்பாவை மட்டும் வரைந்தால், பிள்ளைக்கு ஒரே செய்தி இரண்டு தடவை கிடைக்கும். அதனால் மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையிலுள்ள குருமண்வெளித் துறையை வரைந்தேன். மணலில் ஒரு சோடி பெரிய செருப்பு, அதை ஒட்டி ஒரு சின்னச் சோடி, கரையில் ஒரு சிறுமி. அப்பா தூரத்தில் விரல் நுனியளவு. அவள் காத்திருக்கிறாள் என்பதை, படத்தைப் பார்க்கும் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்.

அடுத்து மாதிரிப் புத்தகம். எட்டு ஏ4 தாள்களை நடுவில் மடித்துத் தைத்தால் 32 பக்கங்கள் வரும். படக்கதைகளுக்கு வழக்கமான அளவு அதுதான். தலைப்பு, பதிப்பு விவரம் போன்றவை போக, கதைக்கு 12 முதல் 14 விரிபக்கங்கள் (எதிரெதிரான இரு பக்கங்கள் சேர்ந்தது ஒரு விரிபக்கம்) கிடைக்கும். அவற்றில் பென்சிலால் கிறுக்கிப் பாருங்கள். பிள்ளை பக்கத்தைப் புரட்டும் கணம்தான் உங்கள் ஆயுதம்: வலை விழுவது ஒரு பக்கத்தில், உள்ளே என்ன என்பது புரட்டிய பிறகு. முகங்களை நடுமடிப்பில் வைக்காதீர்கள், தையல் விழுங்கிவிடும்.

பிறகு வெளியே போங்கள். வலை வீசுபவரை நிழற்படம் பார்த்து வரைந்தால் ஆள் உறைந்து நிற்பார். விடியலில் வாவிக்கரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வீச்சுக்கும் அரை நிமிடத்தில் ஒரு கோட்டுருவம் போடுங்கள். உடம்பு முழுதும் ஒரு பக்கம் திரும்பி விடுபட்ட பிறகே வலை வட்டமாக விரிகிறது. அந்தத் திரும்பல் கைக்குப் பழகும்வரை நான் எழுந்து வருவதில்லை.

அப்படியும் பெரிய பிழை ஒன்று செய்தேன். அந்தச் சிறுமிக்கு எதிரே, வாவிக்கு அப்பால், காலைச் சூரியனை வரைந்து வண்ணமும் தீட்டிவிட்டேன். அயல்வீட்டுப் பிள்ளை பார்த்துவிட்டு, "மண்டூர்ப் பக்கம் சூரியன் எழும்புமா?" என்று கேட்டாள். எழும்பாது. அது படுவான்கரை, வாவியின் மேற்குக் கரை; பெயரிலேயே சூரியன் படுகிறது. கிழக்கே எழுவான்கரையில் நிற்பவளுக்குக் காலை வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்துதான் வரவேண்டும். முழுப் படத்தையும் மறுபடி வரைந்தேன். இப்போது அவளுடைய நீண்ட நிழல் தண்ணீரின் மேல் அப்பாவை நோக்கி நீண்டது. அந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான். அன்றிலிருந்து பென்சில் நிலையிலேயே இரண்டு மூன்று பிள்ளைகளிடம் மாதிரியைக் கொடுத்துவிடுகிறேன். வரிகளை வாசித்துக் காட்டுவதில்லை. அவர்களுடைய விரல் எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்க்கிறேன்.

நீர்வண்ணத்துக்கு 300 கிராம் (சதுர மீட்டருக்கான எடை) தாள் வாங்குங்கள், மெல்லிய தாள் நெளியும். மாரி காலத்தில் காற்றின் ஈரம் வண்ணத்தை எளிதில் காயவிடாது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, அடுத்த பூச்சு வேண்டாம்.

எழுத்துக்கு வெளிர்நிற இடம் விடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, தாராளமாகவே விடுங்கள். எழுத்து தனிக் கறுப்பில் இருந்தால், சிங்களப் பதிப்புக்குக் கறுப்பு மைக்கான அச்சுத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரையுங்கள், அது வெட்டில் போகும். திரையில் மின்னும் வாவி நீலம் அச்சில் மங்கும். மாதிரி அச்சைப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள்.